நிரல் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கலாம்?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து, மூச்சடக்கி ஒருவர் இறங்குவார். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பார். கீழிருந்து கயிறு இழுபட்டால் தூக்க வேண்டும். அதுவரை ஒரு சேதியும் வராது. ஒரு மூச்சு ஏறக்குறைய ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்த மௌனம் அவரைக் கலக்கவில்லை.

டெர்மினலில் கட்டளையைத் தட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. யூனிக்ஸ் மரபில் வந்த கட்டளைகள் பிழை நேர்ந்தால் ஒழிய அநேகமாக வாய் திறப்பதில்லை. நொடியில் முடியும் வேலைக்கு அது நல்ல பழக்கம்தான். 40 ஜிபி கோப்பை நகலெடுக்கும்போதும் திரை அசையாமல் நின்றால்? உழைக்கிறதா, தொங்கிவிட்டதா என்று தெரியாமல் கன்ட்ரோல்-சி அழுத்திப் பாதி வேலையைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. தரவை நகலெடுக்கும் குனுவின் ‘டிடி’ கட்டளையில் நிலவரத்தைத் தானாகக் காட்டிக்கொண்டே இருக்கும் வசதி 2015-இல்தான் வந்தது. அவ்வளவு தாமதித்திருக்க வேண்டியதில்லை.

எப்போது பேசத் தொடங்கலாம்? ஒரு விநாடி வரை நம் சிந்தனை அறுபடாது, பத்து விநாடிக்கு மேல் கவனம் சிதறிவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதினார். நிரல் பதிப்புகளைப் பேணும் ‘கிட்’ கருவி சில வேலைகளில் 2 விநாடி பொறுத்த பிறகே சதவீதத்தைக் காட்டுகிறது. நல்ல அளவு அது.

மொத்த அளவு தெரிந்தால் சதவீதம் காட்டலாம். தெரியாவிட்டால், இதுவரை எத்தனை கோப்பு முடிந்தது என்று சொன்னாலே போதும். சும்மா சுழலும் குறியை நான் நம்புவதில்லை. உள்ளே வேலை நின்றுபோனாலும் அது சுழலக்கூடும். ஒவ்வொரு அசைவும் உண்மையில் முடிந்த வேலையிலிருந்து வர வேண்டும்.

எங்கே காட்டுவது என்பதிலும் கவனம் தேவை. ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொரு கட்டளை வாங்கிக்கொள்ளலாம். அதில் சதவீத எண்கள் கலந்தால் தரவே கெட்டுவிடும். ஆகவே நிலவரம் பிழைச்செய்திகள் போகும் தனி வழியில் போகட்டும். இரவில் தானாக ஓடும் வேலையில் பார்க்க ஆள் இல்லை. அங்கே முன்னேற்றப் பட்டை வரைந்தால் பதிவுக்கோப்புதான் வீங்கும். எதிரே டெர்மினல் இருக்கிறதா என்று நிரலே சோதித்துக்கொள்ள முடியும்.

பேசாத பழைய கட்டளைகளோடு மல்லுக்கட்டுபவர்கள் ‘பிவி’ என்ற இலவசக் கருவியைக் கட்டளைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம். தன் வழியே போகும் தரவின் அளவையும் வேகத்தையும் அது காட்டும். மொத்த அளவு தெரிந்தால் மீதி நேரத்தையும் சொல்லும்.