சித்திரையில் கூடிய தாவணி

கண்ணி கண்ணியாக முடிந்து, முளையடித்து நெடுக இழுத்து, மாடுகளை வரிசையாகப் பிணைத்து நிறுத்தும் நீண்ட கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். கயிற்றின் பெயர் சந்தைக்கு ஆகி, சந்தையின் பெயர் இடத்துக்கு ஆகி, இன்று மதுரையில் பேருந்து ஏறும் ஜனங்களின் வாயில் ‘மாட்டுத்தாவணி’ என்று நாள்தோறும் புழங்குகிறது.

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிவந்த அழகரையும் மதுரைக்கு வரச்செய்து, இரு உற்சவங்களையும் ஒன்றாக்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. மாசியில் அறுவடையை விட்டு எந்தக் குடியானவனால் திருவிழாவுக்கு வரமுடியும்? சித்திரையிலோ களம் ஓய்ந்து, கையில் நாலு காசு சேர்ந்து, ஆடி உழவுக்கு முன் ஒரு ஜோடி மாடு பிடித்துவிடவேண்டும் என்ற எண்ணமும் மனத்தில் ஊறியிருக்கும். அந்த எண்ணத்துக்கும் இடம் கொடுத்ததனாலேயே சாமி பார்க்க வந்த கூட்டத்தோடு மாட்டுச்சந்தையும் கூடிற்று என்று நான் நம்புகிறேன்.

அந்தச் சந்தைக்கு ஆண்டிபட்டிச் சீமையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வையை பிறக்கும் வருசநாட்டு மலையின் அடிவாரத்தில் இருந்தும், ஆண்டிபட்டி பெரிதும் மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாக வாழ்ந்த பூமி. ஆழக் கிணற்றில் கவலை இறைக்க மாடு, சரளை நிலத்தைக் கீற மாடு, பாரவண்டிக்கும் மாடு. அப்படிப்பட்ட சீமைக்காரன் மாடு பார்க்கும் பார்வையே தனி. வாயைப் பிளந்து இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று வயதைக் கணிப்பான், சுழி பார்ப்பான், நாலு அடி நடக்கவிட்டுக் குளம்பு விழும் இடத்தைக் கவனிப்பான். அதற்குப் பிறகுதான் தரகர் துண்டை விரிப்பார். துண்டுக்கு அடியில் விரல் விரலைப் பிடிக்கும். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரு கைகளுக்கு மட்டுமே தெரியும். எழுத்தில்லை, சாட்சியில்லை, ஆனாலும் பிடித்த விரலுக்கு மாறாகப் பேசியவன் மறு வருஷம் அங்கே தலைகாட்ட முடியாது.

கவலை இருந்த இடத்தில் மின்சார மோட்டார் வந்தது. ஏர் பூட்டிய இடத்தில் டிராக்டர் வந்தது. சித்திரைக்குப் பொருட்காட்சி இன்றும் மதுரையில் நடக்கிறது. ஜனங்களும் திரளாகப் போகிறார்கள். ஆனால், பல் பிடித்து வயது சொல்லும் அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க ஆளில்லாமற் போவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கமாட்டார்கள். கயிற்றோடு லக்ஷ்மியும் போய்விடுவாள் என்பது நம்பிக்கை. வாங்கியவர் தம் புதுக்கயிற்றைப் பூட்டி மாட்டை நடத்திக்கொண்டு போக, விற்றவர் பழைய கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டிக் கணவாயை நோக்கித் திரும்பி நடப்பார்.