சவ்வைத் தாண்டும் செய்தி

பல செல்களால் ஆன உடலில் எந்தச் செல்லும் தன் போக்கில் பிரிந்து பெருகிவிட முடியாது. தோலில் கீறல் விழுந்தால் அதன் விளிம்பிலுள்ள செல்கள் பெருக வேண்டும், காயம் மூடியதும் அவையே அடங்கவும் வேண்டும். பெருகுவதற்கான ஆணையைச் சுமந்து வரும் சிறு புரதங்களே வளர்ச்சிக் காரணிகள் எனப்படுகின்றன. கொழுப்பாலான செல்சவ்வை இப்புரதங்களால் ஊடுருவ இயலாது என்பதால், தூதர் வாசலிலேயே நிற்க, செய்தி மட்டும் உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது. சவ்வின் குறுக்கே பதிந்து, ஒரு பகுதியை வெளியிலும் மறு பகுதியை உள்ளேயும் நீட்டியிருக்கும் ஏற்பி என்னும் புரதங்களே இதைச் செய்து முடிக்கின்றன.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், நரம்பிழைகளை வளரச் செய்யும் காரணியை 1950களில் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் ஆராய்ந்துவந்தனர். அது சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் மிகுந்திருக்கக் கண்ட கோஹன், சுரப்பிச் சாற்றைப் புதிதாகப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தியபோது, வழக்கமாக 13, 14ஆம் நாளில் திறக்கும் கண்கள் 7ஆம் நாளிலேயே திறந்தன. பற்களும் முந்தி முளைத்தன. நரம்புக் காரணி செய்யக்கூடிய வேலையாக இது தோன்றாததால், சாற்றை மேலும் பிரித்துத் தேடிய அவருக்கு 53 அமினோ அமிலங்களே கொண்ட வேறொரு புரதம் கிடைத்தது. மேல்தோலின் முதிர்ச்சியை விரைவுபடுத்தி இமைகளைத் திறக்கவைத்த அதற்கு மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்று பெயரிடப்பட்டது. தேடாத ஒரு விளைவைப் புறந்தள்ளாமல் பின்தொடர்ந்த இந்தக் கவனம் போற்றத்தக்கது. 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்காரணி வந்து சேராத வரை அதன் ஏற்பி, வெளிப்புறக் கரம் ஒன்றை மடித்து ஒடுங்கிக் கிடக்கிறது. காரணி பற்றியதும் மடிப்பு விரிந்து, விரிந்த இரண்டு ஏற்பிகள் தத்தம் கரங்களால் ஒன்றையொன்று பிணைத்துக்கொள்கின்றன. இரண்டு ஏற்பிகளையும் காரணியே நடுவில் நின்று ஒட்டவைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் 2002இல் வெளியான படிக அமைப்புகளில் காரணிகள் இணையின் இரு வெளிப்பக்கங்களில் எட்ட நிற்பதே தெரிந்தது. வெளியே இவ்வாறு இணைவு நிகழ, உள்ளேயிருக்கும் கைனேஸ் பகுதிகளில் ஒன்று மற்றொன்றை அழுத்தி இயங்கவைக்கிறது. கைனேஸ் என்பது ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் புரதங்களில் ஏற்றும் நொதி. இந்த ஏற்பியின் கைனேஸ், அதன் வால்பகுதியிலுள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டைப் பதிக்கிறது.

டைரோசினில் பாஸ்பேட் ஏறும் என்பதே 1979இல்தான் தெரியவந்தது. செரின், த்ரியோனின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களில் மட்டுமே ஏறும் என்று நம்பப்பட்ட காலத்தில், கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹண்டர் அமினோ அமிலங்களைப் பிரிக்கப் பயன்படுத்திய பழைய கரைசலின் அமிலத்தன்மை சற்றே மாறியிருந்ததால், பாஸ்பேட் ஏறிய த்ரியோனினோடு கலந்து மறைந்திருக்க வேண்டிய பாஸ்பேட் ஏறிய டைரோசின் தனிப் புள்ளியாகப் பிரிந்து தெரிந்தது. அடுத்த ஆண்டே கோஹனின் ஆய்வகம் ஏற்பியிலும் இதைக் கண்டது.

பாஸ்பேட் ஏறிய டைரோசின், உள்ளிருக்கும் புரதங்கள் வந்து பொருந்தும் படித்துறையாகிறது. அதை இனங்காணும் எஸ்ஹெச்2 என்ற அமைப்பைக் கொண்ட கிரப்2, தன்னோடு சாஸ் என்னும் புரதத்தை அழைத்துவருகிறது. சாஸ், சவ்வின் உட்புறத்திலுள்ள ராஸ் புரதத்திலிருந்து இரண்டு பாஸ்பேட் கொண்ட குவானோசினைக் கழற்ற, அவ்விடத்தில் மூன்று பாஸ்பேட் கொண்டது அமர்ந்து ராஸ் விழிக்கிறது. விழித்த ராஸ் அடுத்து ராஃப், மெக், எர்க் என்ற மூன்று கைனேஸ்களை வரிசையாகத் தூண்ட, எர்க் உட்கருவுக்குள் சென்று, பிரிதலுக்கான மரபணுக்களை இயங்கவைக்கும் புரதங்களை முடுக்குகிறது.

தொடங்கியதை நிறுத்தும் ஏற்பாடுகளும் இதே அளவு விரிவானவை. பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டை அகற்றுகின்றன. ராஸ் தன் மூன்றாம் பாஸ்பேட்டைத் தானே வெட்டி உறங்குகிறது. ஏற்பியையே செல் உள்ளிழுத்துச் சிதைக்கிறது. சமிக்ஞை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் செய்தியின் ஒரு பகுதியே. எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட பிசி12 செல்களில், மேல்தோல் காரணி எர்க்கைச் சிறிது நேரமே தூண்ட, செல்கள் பெருகுகின்றன. நரம்புக் காரணி அதே எர்க்கை மணிக்கணக்கில் தூண்ட, அவை பெருகுவதை விட்டு நரம்பிழைகளை நீட்டுகின்றன. ஒரே தொடர் இருவேறு விதிகளைத் தருவது இத்துறையின் மிக ஆழமான உண்மைகளில் ஒன்று.

நிற்க வேண்டிய சமிக்ஞை நில்லாதபோது புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. கோழிகளில் இரத்தப் புற்றைத் தோற்றுவிக்கும் வைரஸ் ஒன்றின் மரபணு, மேல்தோல் காரணியின் ஏற்பியில் வெளிப்பகுதி பெரும்பாலும் வெட்டப்பட்ட வடிவமே என்று 1984இல் தெரிந்தது. கேட்கும் செவி இல்லாத அவ்வேற்பி, யாரும் சொல்லாமலே இடைவிடாது ஆணையிட்டுக்கொண்டிருந்தது. மனித நுரையீரல் புற்றுகள் சிலவற்றில், ஏற்பியின் 858ஆம் இடத்து லூசின் ஆர்ஜினினாக மாறுவதே இதற்கு நிகரான விளைவைத் தருகிறது. ஏடிபி அமரும் குழியில் தான் அமர்ந்து கைனேஸை முடக்கும் ஜெஃபிட்டினிப் மருந்து சிலருக்கு மட்டும் வியக்கத்தக்க பலன் தந்ததன் காரணம், அத்தகைய மாற்றங்கள் அவர்களுடைய கட்டிகளில் இருந்ததுதான் என்று 2004இல் வெளிப்பட்டது. அதனால் இன்று, இவ்வகை மருந்தைத் தொடங்குமுன் கட்டியின் மரபணுவில் அம்மாற்றம் உள்ளதா என்று சோதிக்கப்படுகிறது.