தத்துக்கு முன் ஒரு தங்கல்

தெருநாயைத் தத்தெடுக்க விரும்புபவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு பிறப்பித்த உத்தரவில் இப்படி ஒரு பகுதி இருக்கிறது. மீட்புப் பணியில் இருப்பவர்களுக்கு இதன் பின்பாதிதான் பெரிய வேலை. உருக்கமான ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் நாயைக் கேட்டு ஆள் வந்துவிடும். வந்தவர் வீட்டில் நாய் ஆறு மாதம் கழித்தும் இருக்குமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தேடும் இடம்தான் ஃபாஸ்டர் வீடு.

எந்த நாய்க்கு வீடு வேண்டும்?

நிரந்தர வீடு அமையும்வரை ஒரு நாயைத் தன் வீட்டில் வைத்துப் பராமரிப்பதை ஃபாஸ்டர் என்கிறார்கள். பெரும்பாலும் இடம், நேரம், உணவு ஆகியவை குடும்பத்தின் பங்கு; மருத்துவச் செலவை மீட்பு அமைப்பு ஏற்கும்.

எல்லாத் தெருநாய்களுக்கும் இது தேவையில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. தன் தெருவை அறிந்து, சோறு வைக்கும் ஆட்களோடு பழகி வாழும் வளர்ந்த நாயைப் பெயர்த்து எடுப்பது அதற்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது. வீடு தேவைப்படுவது தாயை இழந்த குட்டிகளுக்கும், அடிபட்டுக் கால் இழந்தவற்றுக்கும், வளர்த்தவர்கள் கொண்டுவந்து விட்டுப்போன லாப்ரடார், பக் போன்றவற்றுக்கும்தான். வண்டிக்கு ஒதுங்கவோ, பிற நாய்களிடம் பணிந்துபோகவோ தெரியாத வீட்டு நாய் தெருவில் அதிக நாள் தாங்காது.

காப்பகம் இருக்கிறதே என்று கேட்கலாம். நெருக்கமான கூண்டுகளில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுகள் வேகமாகப் பரவும். இன்னொரு சிக்கலும் உண்டு. கூண்டில் நாயின் இயல்பு தெரியாது. அங்கே ஓயாமல் குரைப்பது வீட்டில் சோபாவுக்கு அடியில் அமைதியாகத் தூங்கலாம்.

முதல் 14 நாட்கள்

தடுப்பூசி போடாத குட்டியை வந்தவுடன் வீட்டு நாயோடு விளையாட விடக்கூடாது. பார்வோ கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்டச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம்வரை ஆகும். தனி அறை, தனித் தட்டு, தனித் துணி கட்டாயம். இந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் பிழைத்திருக்கும். சாதாரண சோப்புக்கு அடங்காது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டில், தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியை உடனே ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

குடற்புழு மருந்தை முதலில் கொடுத்துவிடுவார்கள். 6 முதல் 8 வார வயதில் முதல் தடுப்பூசி. பிறகு 16 வாரம்வரை மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை. ரேபிஸ் ஊசி மூன்று மாத வயதில். குட்டியின் பல்லோ நகமோ பட்டுக் கீறினால் சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. தொடர்ந்து ஃபாஸ்டர் செய்பவர்கள் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

தடுப்பூசி போடும் இதே காலம்தான் குட்டி உலகத்தைப் பழகும் காலமும். மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம்வரை கண்டதும் கேட்டதும் வாழ்நாள் முழுக்க நிற்கும். குக்கர் விசில், மிக்ஸி, குடை விரிப்பது, கைத்தடி ஊன்றி நடக்கும் தாத்தா எல்லாம் அந்த வயதில் பழகினால் பின்னால் பயம் குறையும்.

யாருக்குக் கொடுப்பது?

ஃபாஸ்டர் குடும்பம் தரும் பெரிய உதவி சோறல்ல, தகவல். தனியாக எத்தனை மணி நேரம் இருக்கும்? பூனையைக் கண்டால் என்ன செய்யும்? தட்டுக்குப் பக்கத்தில் கை போனால் உறுமுமா? ஆண்களைக் கண்டு பதுங்குகிறதா? சாப்பாட்டைக் காக்கும் நாயைக் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அனுப்பக் கூடாது. குறையை மறைத்துக் கொடுத்தால் நாய் திரும்பி வரும், சில சமயம் யாரையாவது கடித்த பிறகு.

கேட்பவரையும் விசாரிக்க வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதித்தாரா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, மொட்டை மாடியில் கட்டிப்போடும் எண்ணமா? நேரில் வீட்டைப் பார்த்தால் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியும், அந்த வீட்டு அம்மாவுக்கு இதில் விருப்பம் உண்டா என்பதும் தெரிந்துவிடும்.

நம் ஊரில் அடிக்கடி வரும் கேள்வி, “ஆண் குட்டி இருக்கா?” என்பது. பெட்டை ஈன்றுவிடும் என்ற பயத்தில் பெட்டைக் குட்டிகள் கடைசிவரை தேங்கி நிற்கின்றன. கருத்தடை செய்து, அல்லது உரிய வயதில் செய்துதரும் உறுதியோடு கொடுத்தால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

இனத்தையும் பார்க்க வேண்டும். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. ஓட இடமும் நேரமும் கேட்பவை. வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

கொடுத்த பிறகு

புது வீட்டில் பயம் தெளிய மூன்று நாள், வழக்கம் பழக மூன்று வாரம், தன் வீடென்று உணர மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நாய்க்கு நாய் மாறும் என்றாலும், முதல் வாரத்திலேயே “செட் ஆகவில்லை” என்று திருப்பி அனுப்புவதை இது தடுக்கும். கதவு திறந்ததும் ஓடித் தொலைவது இந்த முதல் நாட்களில்தான் அதிகம். பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடும் என்பதால், தீபாவளியை ஒட்டி நாயைக் கைமாற்றாமல் இருப்பது நல்லது.

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960இன்படி, பட்டினி கிடக்க நேரும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஆகவே சட்டத்தைவிட உதவுவது தத்து ஒப்பந்தத்தில் உள்ள ஒரு நிபந்தனை: வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தாருங்கள், வேறு யாரிடமும் தராதீர்கள், தெருவிலும் விடாதீர்கள். அப்படித் திரும்பும் நாய்க்கு மறுபடி ஒரு ஃபாஸ்டர் வீடு வேண்டும். அதனால்தான் பிரியமாகிவிட்டது என்று குட்டியை ஃபாஸ்டர் குடும்பமே வைத்துக்கொள்ளும்போது, மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் வருகிறது. அந்த நாய்க்கு வீடு கிடைத்தது. அடுத்த நாய்க்கு இருந்த இடம் போனது.

12, 15 ஆண்டுப் பொறுப்பை ஏற்க முடியாதவர்களால்கூட இரண்டு மாதம் தர முடியும். முதல்முறை என்றால் நாலைந்து குட்டிகளை ஒன்றாக ஏற்காமல், கருத்தடை முடிந்த வளர்ந்த நாய் ஒன்றில் தொடங்கலாம். ஒப்புக்கொள்ளும் முன் மீட்பு அமைப்பிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மருத்துவச் செலவு யாருடையது? நள்ளிரவில் நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் யாரை அழைப்பது? தத்தெடுக்க யாருமே வராவிட்டால் நாய் எங்கே போகும்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத அமைப்புக்கு உங்கள் வீட்டைத் தருவதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.