நெல்லிவாசலில் மைனஸ் 40 டிகிரி

ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. சாமையும் புளியும் கீழே இறங்குவதும், சிமென்ட்டும் கம்பியும் மேலே ஏறுவதும் ஜீப்பையும் பிக்கப்பையும் நம்பித்தான். அப்படியொரு வண்டி பாதி ஏற்றத்தில் இழுவை இழந்தால் என்ன பாடு என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் இன்ஜின் ஓர் அளவுக்கு மேல் சுற்ற மறுக்கிறது. மஞ்சள் விளக்கு எரிகிறது. ஓரங்கட்டி, சாவியை அணைத்து, மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. சில நாள் கழித்து அதே ஏற்றத்தில் அதே கதை.

“லிம்ப் மோடுக்குப் போயிடுச்சு” என்பார் மெக்கானிக். சென்சாரை மாற்றுவார். மறுபடியும் வரும். வேறொரு சென்சாரை மாற்றுவார். பணம் கரையும், கோளாறு அப்படியே இருக்கும்.

பழைய டீசல் ஜீப்பில் இந்தத் தொல்லை கிடையாது. பெடலிலிருந்து ஒரு கேபிளோ கம்பியோ நேராக டீசல் பம்புக்குப் போகும். பெங்களூரு மைக்கோ நிறுவனத்தின் பெயரால் ‘மைக்கோ பம்பு’ என்றே அதை அழைத்தவர்கள் உண்டு. மிதித்தால் டீசல் கூடும், அவ்வளவுதான். 1997இல் பாஷ் நிறுவனத்தின் காமன் ரெயில் முறை கார்களுக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. இன்றைய டீசல் இன்ஜினில் காற்றழுத்தத்தைப் போல 1,600 மடங்கும் அதற்கு மேலும் அழுத்தத்தில் டீசல் ஒரு குழாயில் காத்திருக்கிறது. எந்தக் கணத்தில், எவ்வளவு தெளிப்பது என்பதை இ.சி.யூ. என்னும் சிறு கணினி முடிவு செய்கிறது. அதற்குக் கண் கிடையாது, காதும் கிடையாது. சென்சார்களிலிருந்து வரும் வோல்டேஜ் மட்டுமே அதற்குத் தெரிந்த உலகம்.

கூலன்ட் வெப்பத்தைச் சொல்லும் சென்சாரையே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது சூடேறினால் மின்தடை குறையும் ஒரு சிறு துண்டு. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். இ.சி.யூ. தன் பக்கமிருந்து 5 வோல்ட் கொடுத்து, அதில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது. இப்போது இந்தச் சென்சாரின் ஒயர் எங்கோ அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் ஓடாது, 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். தடை மிக மிக அதிகம், அப்படியானால் கடுங்குளிர் என்றுதான் கணக்கு சொல்லும். ஸ்கேனரைச் செருகினால் பெரும்பாலான வண்டிகளில் திரையில் மைனஸ் 40 டிகிரி என்று வரும். சித்திரை வெயிலில், நெல்லிவாசலில்!

இந்த எண்ணை எனக்கு மிகவும் பிடிக்கும். சென்சார் கெட்டுப்போனால் பெரும்பாலும் அரைகுறையாகத் தப்புச் சொல்லும். நேராக மைனஸ் 40 என்று சொன்னால் சந்தேகம் முதலில் ஒயர்மேல்தான் போகவேண்டும். ‘பி0118’ என்று ஸ்கேனர் காட்டும் கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, சொல்வதும் அதைத்தான்: அந்தச் சுற்றில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது. சென்சாரை மாற்று என்று அது எங்கும் சொல்லவில்லை.

இ.சி.யூ. இந்த மைனஸ் 40ஐ நம்பிவிடுவதில்லை என்பதுதான் ஆச்சரியம். தன்னிடமுள்ள ஒரு மாற்று எண்ணை வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ரேடியேட்டர் ஃபேனை ஓடவிடும். ஆக்சிலரேட்டர் பெடலில் இன்னும் கவனம். அதில் ஒன்றுக்கு இரண்டு சென்சார்கள். பல வண்டிகளில் ஒன்றின் வோல்டேஜ் மற்றதைப்போல இரு மடங்காக இருக்கும்படி அமைத்திருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், ஓட்டுநர் எவ்வளவு மிதிக்கிறார் என்பதே உறுதியில்லை. உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஒரே சென்சாரின் பொய்யை நம்பினால் என்ன ஆகும் என்பதை போயிங் 737 மேக்ஸ் விமானங்களில் உலகம் பார்த்தது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். மலையேற்றத்தில் லிம்ப் மோட் எரிச்சலூட்டும்தான். ஆனாலும் அந்தச் சந்தேகபுத்தி வண்டிக்கு இருப்பது நல்லது.

சரி, அதே ஏற்றத்தில் மட்டும் ஏன்? ஏற்றத்தில் பாரத்தோடு இழுக்கும்போது இன்ஜின் தன் ரப்பர் மவுண்ட்டுகள்மேல் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. கூடவே ஒயரிங்கும் இழுபடுகிறது. பட்டறையில் நிறுத்திவைத்துப் பார்த்தால் தொட்டுக்கொண்டிருக்கும் ஒயர், அங்கே விட்டுப்போகிறது. டர்போ ஹோஸிலுள்ள கீறலும் அப்படித்தான். ஐடிலிங்கில் மூடியிருக்கும், காற்றழுத்தம் ஏறினால் வாய் பிளக்கும். ‘பி0299’, அதாவது டர்போ அழுத்தம் போதவில்லை என்று கோடு வந்ததும் டர்போவையே மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில நூறு ரூபாய் ஹோஸில் முடிய வேண்டிய வேலை அது.

தண்ணீர் புகும் விதம் இன்னும் நுட்பமானது. சூடேறிய இன்ஜினோடு காட்டாற்றில் இறங்கும்போது, ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளருக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே உறிஞ்சுகிறது. ரப்பர் சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும். பிறகு கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பின்களின் அடியில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். சில நேரம் அதுகூட இருக்காது. பார்வைக்குப் பளபளவென்றே தெரியும். கரடுமுரடான பாதையின் அதிர்வில் இரண்டு பின்களும் ஒன்றோடொன்று மைக்ரான் கணக்கில் உரசி, முலாம் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகியிருக்கும். கழற்றி மாட்டினாலே அந்தப் படலம் கீறப்பட்டுத் தொடர்பு வந்துவிடும். புது சென்சார் போட்டதும் கோளாறு சில வாரம் மறைவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சரிசெய்தது சென்சாரல்ல, கழற்றி மாட்டிய கைதான்.

ஒரே நேரத்தில் நாலைந்து கோடுகள் வந்தால் பலர் மிரண்டுபோகிறார்கள். உண்மையில் அது நல்ல துப்பு. பல சென்சார்களுக்கு 5 வோல்ட் ஒரே லைனில் போகிறது. தெருவில் ஒரு வீட்டுக் குழாய் உடைந்தால் மற்ற வீடுகளுக்கும் தண்ணீர் வராததுபோல, ஒரு சென்சாரின் ஒயர் பாடியில் உரசி எர்த் ஆனால் அந்த லைனில் இருக்கும் எல்லாமே தப்பான அளவைக் காட்டும். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே மல்டிமீட்டரைப் பார்த்தால், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அங்கேதான் கோளாறு.

மலையே ஒரு சோதனைக் கருவியாக உதவும். சாவியைப் போட்டு இன்ஜினை ஓட்டாமல் வைத்தால், இன்டேக் அழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். திருப்பத்தூரில் 97 அளவில். இதே மலையில் 725 மீட்டர் உயரத்திலிருக்கும் காவலூர் வானாய்வகத்து வாசலில் 93 அளவில். வண்டி மேலே ஏறியும் இந்த எண் இறங்கவில்லை என்றால் சென்சாரையோ அதன் ஒயரையோ தாராளமாகச் சந்தேகப்படலாம்.

அதனால் விளக்கு எரிந்ததும் பேட்டரியைக் கழற்றிக் கோளாறுக் குறியீட்டை அழித்துவிடாதீர்கள். கோளாறு பதிவான நொடியில் வேகம் என்ன, இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் என்பதையெல்லாம் இ.சி.யூ. சேமித்துவைத்திருக்கும். மெக்கானிக்கிடம் அந்தப் பதிவை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். எந்த வளைவு, எந்த கியர், எத்தனை மூட்டை, முந்தின நாள் மழையா என்பதையும் சொல்லுங்கள். அடுத்து, ஸ்கேனர் திரையைப் பார்த்தபடியே ஒருவர் ஒயரிங்கை அங்கங்கே பிடித்து அசைக்கட்டும். எண் எந்த இடத்தில் துள்ளுகிறதோ அங்கே டேப்பைப் பிரித்து, கறுத்த செம்பை வெட்டித் தள்ளி, நல்ல செம்பு வரும்வரை போய் இணைக்க வேண்டும். இன்ஜின் முறுக்கும்போது இழுபடாமலிருக்கக் கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்ட வேண்டும். பிறகு ஸ்கேனரைக் கழற்றாமல், அதே பாரத்தோடு, அதே ஏற்றத்தில், அதே கியரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பின்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும்.