போலி கார்பன் ஃப்ரேம் ஏன் திடீரென்று முறிகிறது?

பிரபல நிறுவனத்தின் கார்பன் சைக்கிள் ஃப்ரேம் கால் விலைக்குக் கிடைத்தால், அதில் அசலைப் போலிருப்பது பெரும்பாலும் பெயின்ட்டும் ஸ்டிக்கரும்தான். கார்பன் இழை, தான் ஓடும் திசையில்தான் வலிமையானது. குறுக்கே விசை வந்தால் இடையிலுள்ள எப்பாக்சி பிசின்தான் தாங்க வேண்டும். எங்கே எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. அது வெளியே தெரியாது. அடுக்குகளைச் சரியாக அழுத்தாமல் சூட்டில் இறுகவைத்தால் காற்றுக்குமிழியும் சுருக்கமும் உள்ளே தங்கிவிடும். விரிசல் அங்கிருந்து பரவும். அலுமினியமாவது பல நேரம் வளைந்து எச்சரிக்கும். கார்பன் சட்டென்று முறியும். இறக்கத்தில் ஃபோர்க்கின் மேல்தண்டு முறிந்தால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும், பிரேக்கும் சேர்த்து!

சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 தரநிலையின் பெடல் விசைச் சோதனை மட்டுமே 1,00,000 சுற்று. போலி தயாரிப்பவரிடம் அதைச் செய்தாரா என்று கேட்க ஆளில்லை. சொந்தப் பெயரில், சோதனை அறிக்கையோடு வரும் மலிவான சீன ஃப்ரேம் வேறு கதை, அதை யோசிக்கலாம்.