கொல்லிமலையில் ஒரு பகல்

விடியுமுன் போத்தனூரிலிருந்து புறப்பட்ட எங்கள் வேன், நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுமுன்னரே எங்களுள் இருவருக்குத் தலைசுற்றியது. மலைமக்களுக்கென எடுத்துச் சென்ற மருந்துப் பெட்டியை எங்களுக்காகவே முதலில் திறக்க நேர்ந்தது. மருத்துவர் ஒருவர், செவிலியர் மூவர், மருந்தாளுநர், போதகர் ஆகியோர் அடங்கிய சிறு குழு அது.

இம்மலைக்கு மருத்துவ ஊழியம் புதிதன்று. 1913-இல் மணமுடித்த கையோடு ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் இங்கே குடியேறினர். அந்நாளில் சாலை இல்லை. நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். ஜெஸ்ஸி பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். அடிப்படைப் பயிற்சி மட்டுமே பெற்றவர். ஊரார் அவரிடம் மருந்து வாங்கினார்களே தவிர, நெடுங்காலம் நெருங்கிப் பழகவில்லை. 1918-இல் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியபோது, இருவரும் வீடுவீடாகக் கஞ்சி சுமந்து சென்றனர். அவர்களை எதிர்த்து நின்ற பூசாரியும் நோயில் விழுந்தார். சாகும் தறுவாயில் தம் கைக்குழந்தையை அவர் ஒப்படைத்தது இத்தம்பதியரிடமே.

அன்று இங்கே மலிந்திருந்த நோய் நரம்புச் சிலந்தி. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளமுள்ள புழு, காலில் கொப்புளம் உண்டாக்கி வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாளாமல் நோயாளி காலை நீரில் வைத்தால், அந்நொடியே புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அவற்றை விழுங்கிய நுண்ணிய நீர்ப்பூச்சிகளோடு அந்நீரைக் குடிப்பவருக்கு ஏறத்தாழ ஓராண்டில் அதே நோய் வரும். அறுத்து எடுத்தால் புழு உள்ளேயே அறுந்து சீழ்கட்டும். ஆகவே குச்சியில் நாளும் சிறிது சிறிதாகச் சுற்றியே இழுக்க வேண்டும். ஜெஸ்ஸி அதனைப் பொறுமையாகச் செய்தார். அதனினும் மேலாக, மக்கள் காலோடு இறங்கி நீர் மொண்ட கிணறுகளுக்குச் சுவர் எழுப்ப வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தார். அவர் செய்த வைத்தியங்களிலேயே பெரிது அந்தச் சுவர்தான் என்பது எங்கள் எண்ணம்.

1929-இல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி மறைந்தார். ஈவ்லின் மலையை மறக்கவில்லை. ஓய்வுபெற்ற பின்னரும் தனியே திரும்பிவந்து, முதுமையில் இரு கைகளிலும் கோலூன்றி ஊழியம் செய்தார். 1974-இல் 95 வயதில் காலமான அவரது உடல், கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

நாங்களோ ஒரு பகலுக்குச் சென்றவர்கள். பள்ளித் தாழ்வாரத்தில் முகாம் அமைத்தோம். போதகர், கேட்டவர்களுக்கு மட்டும் ஜெபித்தார். மற்ற நேரம் சீட்டு எழுதினார். நண்பகலில் பாட்டி ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. முப்பது நாள் மாத்திரையை வாங்கி மடியில் முடிந்துகொண்ட அவர், "முப்பத்தொண்ணாம் நாளு வருவியா கண்ணு?" என்று செவிலியரைக் கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் இம்மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருகிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு ஏறியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது எங்கள் பிழை. இறங்கும் வழியில் அவரைக் கண்டு, பெயர்ப்பட்டியலை ஒப்படைத்தோம்.

மற்றொருவர் சாமை விதைக்கும் உழவர். வலது உள்ளங்காலில் நாணயம் அளவு ஆழமான புண். "வலியே இல்லீங்க, அதான் உட்டுட்டேன்" என்றார். சர்க்கரை அளவு 300-ஐத் தாண்டியிருந்தது. தமக்கு அந்நோய் உண்டென்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜெஸ்ஸியின் மகன் பால் பிராண்ட் இம்மலையில் வளர்ந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் செய்தபோது அவர் கண்டறிந்தது இதுவே: விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற கைகால்களில் சூடும் முள்ளும் உராய்வும் உண்டாக்கும் காயங்களே அவற்றைத் தின்கின்றன. பின்னாளில் அமெரிக்காவில் பணிபுரிந்தபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் அதே உண்மையைக் கண்டார். எங்கள் வார்டில் படுத்திருப்போர் சிலரும், அவர்தம் குடும்பத்தாரும் இதை வாசிப்பீர்கள். வலியற்ற புண் சிறிய புண் அன்று. இரவு படுக்குமுன் உள்ளங்காலை விளக்கொளியில் பாருங்கள். குனிய இயலாதவருக்கு மகனோ மகளோ பார்த்துச் சொல்லட்டும். வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

அந்த உழவர் அன்று எங்களோடு இறங்கிவர மறுத்தார். ஆடுகளைப் பார்க்க ஆளில்லையாம். புண்ணைக் கழுவிக் கட்டினோம். மறுவாரம் கிராமச் செவிலியர் பேசிப் பேசியே அவரை அடிவார மருத்துவமனையில் சேர்த்ததாகத் தொலைபேசியில் தெரிவித்தார். இப்போது வீடு திரும்பிவிட்டார். புண் இன்னும் முழுதாக ஆறவில்லை.

முகாமன்று ஒரு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் அவருடைய இரு பாதங்களையும் பென்சிலால் வரைந்துகொண்டு வந்தோம். அவ்வளவில் எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி தைக்கக் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வேன் மீண்டும் மலையேறுகிறது. இம்முறை பாட்டியின் வீட்டுக்கும் சென்று வருவதாக இருக்கிறோம்.