லார்போர்டு

லார்போர்டு என்பது கப்பலின் அல்லது படகின் இடப்புறத்தைக் குறிக்க ஆங்கிலேய மாலுமிகள் பயன்படுத்திய பழைய சொல் ஆகும். வலப்புறத்தைக் குறிக்கும் ஸ்டார்போர்டு என்னும் சொல் இன்றும் வழக்கில் உள்ளது. அதன் இணையாக விளங்கிய லார்போர்டு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடற்படை ஆணைகளினால் விலக்கப்பட்டது. அதனிடத்தில் போர்ட் என்னும் சொல் நிலைபெற்றது.

கப்பலில் இடம், வலம் என்னும் பொதுச் சொற்கள் போதாமைக்குக் காரணம் உண்டு. அவை பேசுபவர் எத்திசை நோக்கி நிற்கிறார் என்பதைப் பொறுத்து மாறுவன. துடுப்பு வலிப்போர் படகின் பின்புறத்தை நோக்கி அமர்ந்தே வலிப்பர். ஆகவே அவர்களது வலக்கை படகின் இடப்புறத்தில் இருக்கும். இதனால், அணியத்தை (கப்பலின் முன்பகுதியை) நோக்கி நிற்பவரின் இடம், வலம் ஆகியவற்றையே கப்பலுக்கு உரியனவாகக் கொண்டு, அவற்றுக்குத் தனிப்பெயர் இட்டனர்.

'''சொற்பிறப்பு'''

வட ஐரோப்பியரின் பழைய கப்பல்களில் பின்புற நடுவில் சுக்கான் இருக்கவில்லை. அகன்ற துடுப்பு ஒன்றைக் கப்பலின் வலப்பக்கத்தில் கட்டி, அதனால் திசை திருப்பினர். பெரும்பாலோர் வலக்கைப் பழக்கமுடையோர் என்பதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. நோர்வேயில் 1904ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓசபெர்க் கப்பலில் இவ்வமைப்பைக் காணலாம். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டியோர்' என்பது திசை திருப்புதலையும், 'போர்ட்' என்பது கப்பலின் பக்கத்தையும் குறித்தன. இவையிரண்டும் சேர்ந்தே ஸ்டார்போர்டு ஆயிற்று.

இடப்புறத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய சொல் 'பேக்போர்டு' என்பதாகும். திருப்புத் துடுப்பைப் பிடித்து நிற்பவரின் முதுகுப்புறம் என்பது இதன் பொருள். இச்சொல் செருமன், டச்சு, பிரெஞ்சு மொழிகளில் சிறிது உருமாறி இன்றும் வாழ்கிறது. ஆங்கிலம் மட்டும் இதனைக் கைவிட்டு, 14ஆம் நூற்றாண்டளவில் 'லேட்போர்டு' என்னும் சொல்லை ஏற்றது. சரக்கு ஏற்றும் பக்கம் என்பதே இதன் பொருளாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. வலப்பக்கம் துறையின் சுவரில் மோதினால் துடுப்பு நொறுங்கிவிடும். ஆதலால் இடப்பக்கத்தையே கரையோடு சேர்த்துச் சரக்கு ஏற்றினர். பின்னர் ஸ்டார்போர்டு என்பதன் ஓசையைப் பின்பற்றி, 16ஆம் நூற்றாண்டில் இது லார்போர்டு எனத் திரிந்தது.

இத்திரிபு மாலுமிகளுக்கு நன்மை தரவில்லை என்றே கூறவேண்டும். எதிரெதிர்ப் பொருளுடைய இரு சொற்கள் ஏறத்தாழ ஒரே ஓசையைப் பெற்றுவிட்டன. புயற்காற்றில் தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கத்தும்போது முதல் அசை காதில் விழாமற் போனால், கப்பல் பாறையை விட்டு விலகுவதற்கு மாறாக அதன்மீதே திரும்பக்கூடும்.

'''சொல் மாற்றம்'''

சுக்கானைத் திருப்பும் ஆணைகளில் மட்டும் போர்ட் என்னும் சொல்லை ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தினர். துறைமுகத்தை நோக்கிய பக்கம் அல்லது சரக்கு ஏற்றும் வாயில் உள்ள பக்கம் என்பதிலிருந்து இச்சொல் வந்திருக்கலாம். 1844ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் எல்லாப் பயன்பாட்டிலும் லார்போர்டை நீக்கிப் போர்ட் என்றே கூறவேண்டும் என ஆணையிட்டது. 1846இல் அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஜார்ஜ் பான்கிராப்ட் இதே போன்ற ஆணையைப் பிறப்பித்தார்.

ஆணை பிறந்த உடனே சொல் மறைந்துவிடவில்லை. திமிங்கில வேட்டைக் கப்பல்களில் அது தொடர்ந்து வழங்கியது. எர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட மோபி டிக் புதினத்தில் லார்போர்டு பல இடங்களில் வருகிறது.

'''சுக்கான் ஆணைகள்'''

சொல் மாறிய பின்பும் வேறொரு குழப்பம் எஞ்சியது. பழைய ஆணைகள் கப்பல் திரும்பவேண்டிய திசையைக் கூறவில்லை. சுக்கானின் கைப்பிடியைத் தள்ளவேண்டிய திசையையே கூறின. கைப்பிடியை வலப்புறம் தள்ளினால் சுக்கானின் அலகு இடப்புறம் செல்லும், கப்பலும் இடப்புறம் திரும்பும். கைப்பிடிக்குப் பதிலாகச் சக்கரம் வந்த பின்னரும் ஆணைகள் பழையபடியே இருந்தன.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலின் முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் ஸ்டார்போர்டு என ஆணையிட்டதும், கப்பல் இடப்புறம் திரும்பியதும், பனிப்பாறை வலப்பக்கத்தில் உராய்ந்ததும் இம்மரபின்படியே ஆகும். 1997ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இக்காட்சியைக் காண்போர் சிலர் இதனைப் பிழை எனக் கருதுவதுண்டு, அது பிழையன்று. ஆணையைத் தவறாகப் புரிந்துகொண்டதால்தான் விபத்து நேர்ந்தது என்ற கூற்றும் உண்டு. ஆனால் விசாரணையில் அளிக்கப்பட்ட சாட்சியங்கள், கப்பல் இடப்புறமே திரும்பியதாகக் கூறுகின்றன.

கப்பல் திரும்பவேண்டிய திசையையே ஆணையில் கூறவேண்டும் என 1929ஆம் ஆண்டின் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை வகுத்தது. பிரித்தானியா 1933இல் இம்முறைக்கு மாறியது.

இன்று கப்பல்களின் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் ஏற்றப்படுகின்றன. படகோட்டப் போட்டிகளில் பிரித்தானியர் இடப்பக்கத்தை 'ஸ்ட்ரோக்' பக்கம் என அழைப்பர்.